கல்யாணத்துக்கு வந்த கேரட்

சம்பந்தி வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முகூர்த்தச் சாப்பாட்டில் கேரட் அல்வா போட வேண்டும். "எங்காத்து மனுஷாளுக்கு அதுன்னா உசிர்" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். சுங்குவார்சத்திரத்தில் லாரி ஆபீஸ் வைத்திருந்த ஒருவரிடம் சொல்லிவைத்து, ஊட்டியிலிருந்து சென்னைக்குப் போகும் காய்கறி லாரியிலிருந்து நேராகவே மூட்டைகளை இறக்கிவிட்டார். வேண்டியதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். கூடவே ஒரு மூட்டை பீட்ரூட் வேறு.

1991, மே மாதம், செவ்வாய்க்கிழமை மத்தியானம். வியாழக்கிழமை காலை எனக்குக் கல்யாணம். ஸ்ரீபெரும்புதூரில் பெருமாள் கோயில் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. வாசலில் பந்தல் போட்டு வாழைமரம் கட்டியாகிவிட்டது. காஞ்சிபுரத்திலிருந்து சமையலுக்குத் தளிகைக்காரர்கள் மறுநாள் விடிகாலை வருவதாக ஏற்பாடு.

மூட்டைகளை வாசலிலிருந்து இழுத்து வந்தது என் தம்பி பார்த்தாவும் அவன் சிநேகிதன் கார்முகிலும். இரண்டு பேரும் பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பு. கார்முகில் வல்லம் கிராமத்துப் பையன். அவன் அம்மா ராஜம்மா வயலோரத்தில் கத்திரியும் வெண்டையும் போட்டு எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்து விற்பாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் கொல்லைக் கதவு வழியாகத்தான் வருவாள். கார்முகில் முன்வாசல் வழியாக வருவான். ஆனால் கூடத்தோடு நின்றுவிடுவான். யாரும் நில் என்று சொன்னதில்லை. அப்படித்தான் இருந்தது.

அம்மா மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். என் அம்மா அரவிந்தவல்லி குன்னூரில் வளர்ந்தவள். அவளுடைய அப்பா தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தா. கேரட் விஷயத்தில் அவளுக்குத் தனிக் கண்டிப்பு உண்டு.

"தழையோட கட்டி அனுப்பியிருக்கான் பாரு. தழை இருந்தா காயில இருக்கற ஈரத்தையெல்லாம் அதுவே குடிச்சுடும். பார்த்தா, இப்பவே தழையை நறுக்கிடு. அலம்பாதே. சாமான் உள்ளில மணலைப் பரப்பி, லேசாத் தண்ணி தெளிச்சு, ஒண்ணோட ஒண்ணு படாம அடுக்கி, மேல மறுபடி மணல் போடு. மாம்பழக் கூடையை அந்த உள்ளேர்ந்து எடுத்துடு. பழம் பக்கத்துல இருந்தா கேரட் கசந்து போகும்."

பார்த்தாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அன்று சாயங்காலம் நெடுஞ்சாலைப் பக்கம் மைதானத்தில் தேர்தல் கூட்டம். முன்னாள் பிரதமர் வருகிறார். ஊரே கிளம்பிக்கொண்டிருந்தது.

"கூட்டம் முடிஞ்சு வந்து பண்றேனேம்மா. முன்னாடியே போனாத்தான் கிட்டக்க நின்னு பாக்கலாம்."

"இந்த வெயில்ல மூட்டையிலேயே கெடந்தா நாளைக்கு ரப்பர் மாதிரி வளையும். முடிச்சுட்டு எங்க வேணா போ."

கார்முகில் கூடத்திலிருந்து சொன்னான்: "மாமி, நானும் கூட வரேன். ரெண்டு பேரா செஞ்சா சட்டுனு முடிஞ்சிடும்."

சாமான் உள் என்கிற அந்த அறை எங்கள் சமையலறையை, தளிகை உள்ளை, ஒட்டியது. அதற்கு அடுத்தது பெருமாள் அலமாரி. அம்மா ஒரு கணம் தயங்கினாள். "வேண்டாம்ப்பா, உனக்கெதுக்கு சிரமம். நீ போ" என்றாள், இனிமையாகவே.

"அப்ப நான் போய் எடம் புடிச்சி வைக்கிறேன்டா. மேடைப் பக்கமா நிப்பேன், வந்து கூப்புடு" என்று பார்த்தாவிடம் சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். பார்த்தா முணுமுணுத்துக்கொண்டே இருட்டும் வரை கேரட் அடுக்கினான். அப்புறம் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினான்.

அன்று இரவு ஒரு சத்தம் கேட்டது. தலைவர் வந்துவிட்டார், வெடி போடுகிறார்கள் என்று அப்பா சொன்னார். கூட்டம் முடிய நேரமாகும் என்று பார்த்தாவுக்காகக் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் படுத்தோம்; நான் மருதாணிக் கையோடு தூங்கிப் போனேன்.

புதன்கிழமை விடிந்தபோது அம்மா கூடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். நான் எழுந்து ஓடினேன். பார்த்தா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையில் வெள்ளை மிச்சமில்லை. அம்மா அவன் மார்பையும் கையையும் தலையையும் தடவித் தடவிக் காயத்தைத் தேடினாள். ஒரு கீறல்கூட இல்லை. அது அவன் ரத்தம் இல்லை.

"என்னடா ஆச்சு? பார்த்தா! சொல்லுடா!"

அவன் அவள் வாயையே பார்த்தான். வலது காதில் கையை வைத்து அழுத்தினான்.

எதிர்வீட்டு ரேடியோவில் ஒற்றை வாத்தியம் சோகமாக அழுதுகொண்டிருந்தது. அப்பா அங்கே போய்விட்டுத் திரும்பி வந்தார். "குண்டு வச்சுட்டாளாம். தலைவர் போயிட்டாராம். கூட நின்னவா நிறையப் பேர்..." என்றவர் முடிக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நம் ஊரில். நாங்கள் தினமும் பஸ்ஸுக்கு நடக்கிற வழியில். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளங்கை சிவந்திருந்ததைப் பார்த்தேன். அது மருதாணிதான் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது. கையைத் தாவணியால் மூடிக்கொண்டேன்.

பார்த்தாவைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. ராஜம்மா. தலையில் கூடை இல்லை. பஸ் ஓடவில்லை என்பதால் வல்லத்திலிருந்து வயல் வழியே நடந்தே வந்திருந்தாள். அவள் பின்னால் அவள் புருஷன் மண்ணாங்கட்டி.

"மாமீ, எம்புள்ள இங்க கீறானா? ராத்திரி வூட்டுக்கு வர்ல. பார்த்தா கூடத்தான் போறேன்னு சொல்லிட்டுப் போனான்."

அம்மா பார்த்தாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ராஜம்மா அவன் எதிரே வந்து நின்று, அவன் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா தம்பி, அவன் எங்க?" என்றாள். அவனுக்குக் கேட்டதோ, உதடு அசைவில் புரிந்ததோ. வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது. அப்படியே கிணற்றுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

ராஜம்மா அலறவில்லை. தோய்க்கிற கல்லில் கிடந்த சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தாள். மறுபடி மடித்து அதே இடத்தில் வைத்தாள்.

காயம்பட்டவர்களைக் காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சென்னைப் பக்கம் போக முடியாது, நெடுஞ்சாலையில் பஸ்ஸைக் கொளுத்துகிறார்கள் என்றார்கள். அப்பா தன் சைக்கிளை எடுத்தார். மண்ணாங்கட்டியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு மிதித்தார். என் அப்பா ஸ்ரீநிவாசராகவன் பாங்கில் உத்தியோகம் பார்ப்பவர். மூட்டுவலியால் கோயிலுக்குப் போனால்கூட மெல்லத்தான் நடப்பார். அன்று எப்படி மிதித்தார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தளிகைக்காரர்கள் வரவில்லை. பால் வரவில்லை. மேளக்காரர் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து சேதி இல்லை, தந்தி ஆபீஸும் திறக்கவில்லை. "துக்க வீடா கெடக்கு ஊரு, இங்க வாழைமரம் கேக்குதா?" என்று தெருவில் போன ஒருவர் சத்தம் போட்டார். அம்மா தானே அரிவாளைக் கொண்டுபோய்க் கயிற்றை அறுத்து மரங்களைச் சாய்த்தாள்.

பிறகு சாமான் உள்ளுக்குப் போனாள். வெகு நேரம் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது மணலைத் தோண்டி ஒவ்வொரு கேரட்டாக எடுத்து, தடவிப் பார்த்து, திரும்பப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்ன பண்றே?"

"இது வாடிடும்டி. இன்னும் நாலு நாள் தாங்கலாம். வாடறதுக்குள்ள எதாவது பண்ணணும்."

"இப்ப போய் கேரட்டா அம்மா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கண் என்மேல் இருந்தது. அவள் அங்கே இல்லை. "இது இல்லேன்னா பார்த்தா முன்னாடியே போயிருப்பான்" என்றாள். மறுபடி தோண்ட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. கதவைப் பிடித்துக்கொண்டேன். கொல்லையில் ராஜம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் இது விழுந்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்தினேன்.

மத்தியானத்துக்குமேல் தெரு முழுக்கப் போலீஸ். எந்தெந்த ஊரிலிருந்தோ லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். ஒரு டீக்கடைகூடத் திறக்கவில்லை. எங்கள் பந்தல் நிழலில் ஒரு கான்ஸ்டபிள் நின்றார். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்தபோது, "நேத்து ராத்திரியில இருந்து ஒண்ணும் சாப்பிடலம்மா. கடை கண்ணி ஒண்ணும் இல்லியே" என்றார். தசரதன் என்று பெயர். திருநெல்வேலிப் பக்கமாம்.

அம்மா காதில் அது விழுந்ததும் எழுந்துவிட்டாள். கல்யாணத்துக்கு வாங்கிய அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. காய் என்றால் கேரட்தான். அடுப்பு மூட்டினாள். கேரட்டைத் துருவி, கடுகும் பச்சைமிளகாயும் தாளித்து, சாதத்தில் கலந்து, எலுமிச்சம்பழம் பிழிந்தாள். வாடாத தழையைப் பொடியாக நறுக்கித் தேங்காய் போட்டு வதக்கினாள். தழை கொஞ்சம் கசந்தது. யாரும் குறை சொல்லவில்லை. போலீஸ்காரர்கள், சத்திரத்தில் மாட்டிக்கொண்ட வெளியூர்க்காரர்கள் என்று வந்தவர்களுக்கெல்லாம் இலையில் வைத்து நீட்டினாள்.

தசரதன் இரண்டு வாய் சாப்பிட்டார். "யாருக்கும்மா கல்யாணம்?" என்று சாய்ந்து கிடந்த வாழையைப் பார்த்துக் கேட்டார். எனக்கு என்று சொன்னேன். அவர் இலையை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். முந்தின ராத்திரி முழுக்க அவருக்கு அந்த மைதானத்தில் காவல்.

துருவுவதற்குக் கை போதவில்லை. பார்த்தாவின் முன்னால் ஒரு கூடையை வைத்தேன். அவன் பேசாமல் எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தான். ஒன்றை முடித்தால் அடுத்தது. நிறுத்தவே இல்லை. பீட்ரூட் மூட்டையும் பக்கத்தில் இருந்தது. அதை நானே இழுத்துப்போய்க் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அதைச் சீவினால் கையெல்லாம் சிவந்துவிடும்.

சாயங்காலம் அப்பாவும் மண்ணாங்கட்டியும் திரும்பினார்கள். காஞ்சிபுரத்தில் அவன் இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு அறைக்குள் அவர்களை அழைத்துப்போய், துணியை விலக்கி விலக்கிக் காட்டினார்களாம். "அங்க அவன் இல்ல ராஜி" என்று மண்ணாங்கட்டி பெண்டாட்டியிடம் சொன்னான். "இல்லன்னுதான் நெனக்கிறேன்" என்றும் சொன்னான். அப்பா அன்று சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை. முகூர்த்த நேரம். நான் சாதாரணப் பருத்திப் புடவையில் கொல்லையில் உட்கார்ந்து கேரட் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா முதல்நாளே மணலிலிருந்து பாதியை எடுத்துவிட்டாள். வெள்ளை பூத்தது போலிருந்ததைத் தனியே போட்டேன். அது மேல்தோல் காய்ந்ததுதான், கெட்டது இல்லை. தொய்ந்து போனதை மண்பானைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தோம், கொஞ்ச நேரத்தில் விறைப்பு வந்துவிடும். கறுப்புப் புள்ளியை வெட்டினால் மிச்சம் சமையலுக்கு ஆகும். வழவழவென்று நாற்றம் வந்தது மட்டும் மாட்டுக்குக்கூட வேண்டாம், குழிக்கு. அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னாள், நான் செய்தேன். கோயில் மணி அடிக்கவில்லை. எனக்குத் தாலி கட்டவேண்டிய நேரம் வந்து, அப்படியே போயிற்று.

ராஜம்மாவும் எதிரே உட்கார்ந்து நறுக்கினாள். காலையில் மறுபடி நடந்து வந்திருந்தாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். ஒரு பங்கு குச்சி குச்சியாக வெயிலில் காய்ந்தது, ஒரு பங்கு கடுகும் மிளகாய்ப்பொடியும் எலுமிச்சம்பழமுமாக ஊறுகாய் ஜாடியில் இறங்கியது.

வெயில் உச்சிக்கு ஏறியபோது வாசலில் சைக்கிள் ஒன்று விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால் மாப்பிள்ளை ராமன். பெண் பார்க்க வந்தபோது பார்த்ததோடு சரி. அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகமெல்லாம் புழுதி. தாம்பரத்து வீட்டிலிருந்து உள் கிராமங்கள் வழியாகவே மிதித்து வந்திருக்கிறார்.

"மன்னிச்சுக்கணும் மாமா. வேன்காரன் வரமாட்டேன்னுட்டான். யாராலயும் கிளம்ப முடியலை. நேர்ல வந்து சொல்லணும்னு தோணித்து" என்றார் அப்பாவிடம். சொல்லிவிட்டுத் தயங்கினார். "அம்மா சகுனம் சரியில்லேங்கறா. இந்த ஊர்ச் சம்பந்தமே வேண்டாமோன்னு... நான் ஒத்துக்கலை. அதையும் மறைக்காம சொல்லிடணும்னுதான்."

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். என் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் முதல்முதலாக வந்தது. வந்தும் ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே ஏற்கெனவே எல்லாம் மரத்துப் போயிருந்தது.

அம்மா அவரைக் கொல்லைக்கு அழைத்துவந்து கால் கழுவத் தண்ணீர் கொடுத்தாள். இலை போட்டாள். அல்வா கேட்டவர்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கேரட் சாதம். அவர் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாவையும் ராஜம்மாவையும் பார்த்தார். யார் இவர்கள், என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் சொன்னேன். அவரோடு நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியது அதுதான் முதல் தடவை.

நான் சொல்லி முடித்த அந்த நேரத்தில் அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ராஜம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் பிள்ளை நானும் கூட வேலை செய்யறேன்னு கேட்டான். சாமான் உள்ளுக்குள்ள வரேன்னான். நான்தான் வேண்டாம்னேன். சிரமம்னு சொன்னேன். சிரமம் இல்லே. உனக்கே தெரியும் எதுக்குன்னு."

எல்லாருடைய கையும் நின்றுவிட்டது. பார்த்தாவின் கை மட்டும் சீவிக்கொண்டே இருந்தது. ராஜம்மா அம்மாவை வெறித்துப் பார்த்தாள். கண்ணில் கோபம் வர நேரம் ஆயிற்று. முதலில் ஒன்றுமே புரியாதவள் போல இருந்தாள்.

"உள்ள வுட்டிருந்தா, உங்க புள்ள கூடவே போயிருப்பான். கூடவே வந்திருப்பான்" என்றாள் மெதுவாக.

அம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

ராஜம்மா எழுந்தாள். மடியிலிருந்த தோலை உதறினாள். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். வெயிலில் அவள் வரப்பில் போவது வெகுதூரம் தெரிந்தது. அம்மா அழைக்கவில்லை.

ராமன் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "அந்தப் பையன் பேர் என்ன சொன்னேள்? கார்முகிலா? நான் பெரியாஸ்பத்திரியிலெல்லாம் தேடிப் பாக்கறேன்" என்றார். சைக்கிளை நிமிர்த்தினார். நான் வாசல்வரை போனேன். "சாயங்காலமாவது கிளம்பலாமே, வெயில்" என்றேன். "வேண்டாம். அங்க யாரும் அவனைத் தேடி வராம இருந்தா?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ராஜம்மா வந்தாள். இந்தத் தடவை முன்வாசல் வழியாக. கூடத்தைத் தாண்டி, தளிகை உள்ளைத் தாண்டி, நேரே சாமான் உள்ளுக்குள் போனாள். அங்கே மணலருகில் பார்த்தா சுருண்டு படுத்திருந்தான். அவனருகில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். அம்மா வழியைவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"வேற எங்க போவேன் நானு?" என்றாள் ராஜம்மா, யாரையும் பார்க்காமல். "அவன் வந்தா இங்கதான் வருவான்."

அன்று பூராவும் அங்கேயே இருந்தாள். அம்மா மிச்சமிருந்த கேரட்டை அரைத்து அடை வார்த்தாள். தட்டை அவள் பக்கத்தில் வைத்தாள். ஆறிப்போய் எறும்பு வந்தது. எடுத்துவிட்டு வேறு வைத்தாள். அதையும் அவள் தொடவில்லை. எதிர்வீட்டு டெலிவிஷனில் தில்லியில் சிதை எரிவதைக் காட்டினார்கள். தெருவே அங்கே கூடி அழுதது. எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ராமன் வந்தார். ஒரு பஸ் ஓட ஆரம்பித்திருந்தது. அதிலிருந்து இறங்கி ஓடியே வந்திருக்க வேண்டும். வாசலிலிருந்தே, "மாமி! அந்தப் பையன் இருக்கான்! உசிரோட இருக்கான்!" என்று கத்தினார்.

ராஜம்மா எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் தரையிலேயே தவழ்ந்து கூடத்துக்கு வந்தாள். ராமன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார். சென்னையில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் தேடினாராம். பெயர் தெரியாதவர்கள் சிலர் நினைவில்லாமல் கிடந்தார்களாம். கட்டில் கட்டிலாகப் போய், குனிந்து, "கார்முகில், கார்முகில்" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்திருக்கிறார். தலை முழுக்கக் கட்டுப் போட்டிருந்த ஒருவன் கண்ணைத் திறந்து "யாருங்க?" என்றானாம்.

"நான் யார்னு சொல்றதுன்னே தெரியலை. பார்த்தாவோட அக்காவைக் கட்டிக்கப் போறவன்னு சொன்னேன்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. பிறகு குரல் தாழ்ந்தது. "இடது கால்... முழங்காலுக்குக் கீழே எடுத்துட்டா. ஒரு கண்ணுல கட்டுப் போட்டிருக்கா. அது இப்போ ஒண்ணும் சொல்ல முடியாதாம்."

ராஜம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "உசுரு கீதுல்ல?" என்றாள். "பேசுனான்ல?" என்றாள். ராமன் ஆமாம் ஆமாம் என்றார். அவள் இரண்டு கையாலும் தரையை அறைந்தாள், ஒரு தடவை, இன்னொரு தடவை. அதற்கப்புறம்தான் சத்தம் வந்தது. அப்படி ஒரு அழுகையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அம்மா அவளைப் பிடிக்கப் போய்ப் பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி போனாள். ராஜம்மா உதறவில்லை.

மறுநாள் நாங்கள் எல்லாருமே சென்னைக்குப் போனோம். கட்டிலில் போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்ததைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ராஜம்மா பிள்ளையின் முகத்தை மட்டுமே பார்த்துத் தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் தலையைத் திருப்பிப் பார்த்தாவைத் தேடினான்.

"எங்கடா இருந்த நீ?" என்றான்.

பார்த்தா அவன் இடதுபுறத்தில் நின்றிருந்தான். கேட்கவில்லை. உதடு அசைந்ததைப் பார்த்துவிட்டு, கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனான். குனிந்து, கேட்கிற காதை அவன் வாயருகே கொண்டுபோனான். கார்முகில் மறுபடியும் கேட்டான்.

"கூட்டத்துக்குள்ள மேடைக்குப் பாதி தூரம் வந்துட்டேன்டா" என்றான் பார்த்தா. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. குரல் கரகரத்தது. "அப்பறம் உன்னைத் தேடினேன். யார் யாரையோ தூக்கினேன். எல்லாரையும் நீயோன்னு நெனச்சுத்தான் தூக்கினேன். உன் பேரைச் சொல்லிக் கத்தினேன்டா. என் குரல் எனக்கே கேக்கலை."

அவன் காது முழுசாகத் திரும்பவில்லை. கார்முகிலின் கண் பிழைத்தது. எங்கள் கல்யாணம் ஆவணியில், கோயிலில், எளிதாக நடந்தது. ராமனின் அம்மா கடைசிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், ஆனாலும் வந்தாள்.

எங்கள் வீட்டில் நடந்த கல்யாணச் சாப்பாட்டுக்குக் கார்முகில் கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்தான். கூட ராஜம்மா. அம்மா ஓடிப்போய், "உள்ள வாப்பா, உள்ளயே எலை போட்டிருக்கேன்" என்றாள். இரண்டு தடவை சொன்னாள்.

"இருக்கட்டும் மாமி, இங்கயே காத்து நல்லா வருது" என்று அவன் வாசல் பந்தலில் உட்கார்ந்துவிட்டான். கோபமாகச் சொல்லவில்லை. ராஜம்மாவும் அவனருகில் உட்கார்ந்தாள். பார்த்தா உள்ளே போய்த் தன் இலையை எடுத்துக்கொண்டு வந்து அங்கேயே போட்டுக்கொண்டான். அம்மா சற்று நேரம் நிலைப்படியில் நின்றாள். பிறகு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்து, குனிந்து, மூன்று பேருக்கும் பரிமாற ஆரம்பித்தாள்.